மூலமும் உரையும்: மேல்நிலை வகுப்பு மாணவர் கைக்கொள்ள வேண்டிய நூல்கள்

பல்கலைக்கழகக் கல்விக்கு முந்திய ஈராண்டுப் படிப்பு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி என்றும், பேச்சு வழக்கில் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றும் வழங்குகிறது. இப்படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது 1978ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர் கல்லூரியில் சேர்ந்து புகுமுக வகுப்பில், அதாவது பி.யு.சி.யில், ஓராண்டு படித்தார். அதற்கும் முன்னர், 1950களின் நடுப்பகுதி வரையில், இண்டர்மீடியட் என்னும் ஈராண்டுப் படிப்பு அந்த இடத்தில் இருந்தது. பெயரும் நடைபெறும் இடமும் மாறியபோதிலும் அதன் தன்மை மாறவில்லை. பதினேழு வயதில் எழுதும் ஒரு தேர்வு ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளுக்கு வழி வகுத்துவிடுகிறது என்பதால், எந்த நூலைப் படிப்பது, எந்த நூலை விடுவது என்னும் கேள்வி இவ்வகுப்புகளில் எழும் அளவுக்கு வேறு எந்த வகுப்பிலும் எழுவதில்லை. அக்கேள்விக்கு விடை காண்பதற்குத் தமிழ்க் கல்வி மரபுக்குள்ளேயே தக்க அளவுகோல் ஒன்று இருக்கிறது என்பதும், அது இன்றும் பயன்படும் என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து.

மாணவர் கைக்கு வரும் நூல்கள் எவை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முதலாவது பாடநூல். 1970இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம், 2013 முதல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் என்னும் பெயரில் அதை வெளியிட்டு வருகிறது; அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு அது விலையில்லாமல் கிடைக்கிறது. இரண்டாவது கைடு. நோட்ஸ் என்றும் துணைநூல் என்றும் சொல்லப்படும் இது தனியார் பதிப்பகங்கள் விற்பது. பாடநூலின் ஒவ்வோர் அலகின் இறுதியிலும் உள்ள வினாக்களுக்கு, மாணவர் மொழியில் ‘புக் பேக்’ கேள்விகளுக்கு, எழுதப்பட்ட விடைகளே இதன் பெரும்பகுதி. மூன்றாவது வினா வங்கி. பழைய வினாத்தாள்களும் மாதிரி வினாத்தாள்களும் சேர்ந்த தொகுப்பு. நான்காவது மெட்டீரியல் எனப்படும் கையேடு. பயிற்சி மையமோ பள்ளியோ அச்சிட்டுத் தருவது. பெற்றோர் செலவிடும் பணம் முழுவதும் பின்னைய மூன்றுக்கே போகிறது. பணம் கொடுக்காமல் கிடைத்த ஒன்று, அக்காரணத்தினாலேயே மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்டு, அலமாரியில் அட்டை கசங்காமல் கிடப்பதும் உண்டு.

மூலநூலுக்குத் துணையாக இன்னொரு நூல் எழுதுவது தமிழுக்குப் புதியதன்று. இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் உரை எழுதும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இங்கே ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் உரையை இருவகையாகப் பிரிக்கிறது. சூத்திரத்தின் பொருளோடு அதற்கு இன்றியமையாத பிறவற்றையும் விரித்துரைப்பது விருத்தியுரை. கருத்து, சொல்லின் பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் சேர்த்துச் சுருக்கமாக உட்பொருளை விளக்குவது காண்டிகையுரை. இன்றைய மாணவர் தேடும் துணைநூல் இவ்விரண்டில் காண்டிகையுரையின் இனத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதன் உறுப்புகளாக நன்னூல் சொல்லும் ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை: கருத்து தெரிந்தால்தான் சொற்பொருள் விளங்கும், எடுத்துக்காட்டு கண்டால்தான் கருத்து உறுதிப்படும், இவை மூன்றும் அமைந்த பின்னரே வினாவும் விடையும் எழ இடமுண்டு. நன்னூலுக்கே காண்டிகையுரை எழுதிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், தாம் எழுதிய வினாவிடை நூல்களிலும் அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை. அவருடைய இலக்கண வினாவிடையில் அடுத்த வினா முந்திய விடையின் மேல் ஏறி நிற்கும்; நடுவில் ஒன்றை உருவிவிட்டால் அடுத்தது தடுமாறும்.

இக்காலக் கைடுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஐந்து உறுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நேர்ந்திருப்பது என்ன என்பது விளங்கும். கருத்து போயிற்று, சொற்பொருள் போயிற்று, எடுத்துக்காட்டு, பாடநூலில் உள்ள அதே கணக்காகக் குறுகிற்று, வினாவும் விடையும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய உரைநூல் எதுவும் மூலத்தை விட்டுவிட்டு அச்சேறியதில்லை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையை வாங்குகிறவர் குறளையும் சேர்த்தே வாங்குகிறார், ஒவ்வொரு முறையும் கண் முதலில் குறளில் பட்டுத்தான் உரைக்கு இறங்குகிறது. மூலத்தைப் பாராமலே படித்து முடிக்கக்கூடிய உரையைத் தமிழுலகம் கண்டது பொதுத்தேர்வுக்கால கைடுகளில்தான். ஆகவே துணைநூல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்நூல் படிப்பவரைப் பாடநூலுக்குத் திருப்பி அனுப்புகிறதா, பாடநூலை மறக்கச் செய்கிறதா என்பதே.

கைடு என்றாலே இழிவு என்று கொள்வது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் இவ்வகை நூல்களுக்கெல்லாம் பொதுப்பெயர்போல் ஆகிவிட்ட ‘கோனார் நோட்ஸ்’, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரையிலிருந்து வந்த பெயர். உரை என்னும் சொல்லை அதன் தலைப்பு தாங்கியிருப்பது தற்செயலன்று. செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லி, இலக்கணக்குறிப்புத் தந்து, அதன் பின்னரே வினாவுக்குச் செல்லும் முறை காண்டிகையுரையாளரின் முறையே. வீட்டில் தமிழ் சொல்லித்தர ஆளில்லாத பல தலைமுறை மாணவர்களுக்கு அது ஓர் ஆசிரியராக இருந்திருக்கிறது. புலமையுள்ள ஒருவர் தம் பெயரை முன்வைத்துப் பொறுப்பேற்று எழுதிய நூல் என்பது அதன் பெருமை. இன்று கடையில் கிடைக்கும் துணைநூல்கள் பலவற்றில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அனுபவமிக்க ஆசிரியர் குழு’ என்று மட்டும் காணப்படுகிறது. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது வாங்கியவருக்குத் தெரியாது.

கைடுகள் இவ்வாறு தேய்ந்ததற்குப் பதிப்பாளர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தேர்வு எப்படியோ கைடும் அப்படியே. பாடத்துக்கு 200 மதிப்பெண்ணாக மொத்தம் 1200க்கு நடந்த பழைய மேல்நிலைத் தேர்வில், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்னும் வரைவு, அதாவது புளூபிரிண்ட், முன்கூட்டியே எல்லார் கையிலும் இருந்தது. எனவே இன்ன நான்கு பாடங்களைப் படித்தால் பத்து மதிப்பெண் வினாக்கள் முழுவதையும் எழுதிவிடலாம், இன்ன இரண்டை விட்டுவிடலாம் என்று கணக்கிடுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அக்கணக்கைச் செய்து கொடுப்பதே கைடின் வேலையாயிற்று. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்தின. இதை மாற்றும் முயற்சியாக 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது, மதிப்பெண் பாடத்துக்கு 100 ஆகவும் மொத்தம் 600 ஆகவும் குறைந்தது, புளூபிரிண்ட் கைவிடப்பட்டது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த கலைத்திட்டத்தின்படி பதினோராம் வகுப்புக்கு 2018இலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019இலும் புதிய பாடநூல்கள் வந்தன. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025இல் நீக்கப்பட்டது என்பதையும், அதனால் அவ்வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் பழைய ஆசை திரும்பக்கூடும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது.

புதிய வினாத்தாளின் அமைப்பை இயற்பியலில் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினா 15, ஒன்பதில் ஆறு எழுத வேண்டிய இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஒன்பதில் ஆறு எழுத வேண்டிய மூன்று மதிப்பெண் வினாக்கள், இது அல்லது அது என்னும் தேர்வுரிமையோடு ஐந்து மதிப்பெண் வினா ஐந்து. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாயம். அது பெரும்பாலும் கணக்காக அமைகிறது. பாடத்தின் உள்ளிருந்து எங்கிருந்தும் வினா வரலாம் என்ற நிலையில், பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு மட்டும் விடை தரும் கைடு தான் பிறந்த காரணத்தையே இழந்துவிட்டது. ஆயினும் அது பழைய உருவிலேயே, கூடுதலாகச் சில பக்கங்களோடு அச்சாகிறது.

இவ்வேறுபாட்டை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்னோட்டவியல் அலகில் வீட்ஸ்டன் சமனச்சுற்று வருகிறது. நான்கு மின்தடைகளை நாற்கரமாக இணைத்து, ஒரு மூலைவிட்டத்தில் மின்கலத்தையும் மற்றொரு மூலைவிட்டத்தில் கால்வனோமீட்டரையும் பொருத்துவது அதன் அமைப்பு. கால்வனோமீட்டரில் மின்னோட்டம் இல்லாதபோது அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரு பக்கத்தில் மின்னழுத்தம் எந்த விகிதத்தில் பிரிகிறதோ அதே விகிதத்தில் மறுபக்கத்திலும் பிரிய வேண்டும். பாடம் சொல்வது இவ்வளவே. மற்றவை இதிலிருந்து வருபவை. பாடநூலில் மேற்பக்கத்து மின்தடைகள் பி, கியூ என்றும் கீழ்ப்பக்கத்தவை ஆர், எஸ் என்றும் பெயரிடப்பட்டிருப்பதால், பி-யைக் கியூ-வால் வகுத்தது ஆர்-ஐ எஸ்-ஆல் வகுத்ததற்குச் சமம் என்னும் வாய்பாடு கிடைக்கிறது. கைடு இந்த வாய்பாட்டைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் தருகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். வேறொரு நூலில், அல்லது வேறொரு தேர்வில், நான்கு மின்தடைகளையும் சுற்றிவரும் வரிசையில் பி, கியூ, ஆர், எஸ் என்று பெயரிட்டு, முதல் மூன்றும் முறையே 2, 4, 3 ஓம் என்று கொடுத்து நான்காவதைக் கேட்டால், மனப்பாடம் செய்தவர் 6 ஓம் என்று எழுதுவார். சரியான விடை 1.5 ஓம். எழுத்துகள் இடம் மாறியதைத் தவிர அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. மின்னழுத்தம் பிரியும் விகிதத்தைப் புரிந்துகொண்டவருக்கு எழுத்துகள் ஒரு பொருட்டாகாது. அந்தப் புரிதலைத் தரும் இரண்டு வாக்கியங்கள் பாடநூலில் இருக்கின்றன, கட்டம் கட்டிய வாய்பாட்டில் இல்லை.

ஒரு மதிப்பெண் வினாக்களிலும் இதே குறை வேறு வடிவில் காணப்படுகிறது. நான்கு விடைகளில் சரியானது ‘ஆ’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் நூல், ஏனைய மூன்றும் ஏன் தவறு என்பதைச் சொல்லுவதில்லை. உண்மையில் நல்ல வினாவில் தவறான விடைகள்தாம் பாடம் நடத்துபவை. மாணவர் எங்கே சறுக்குவார் என்று எண்ணிப் பார்த்து அமைத்தவை அவை. 6 ஓம் என்னும் தவறான விடை மேற்கண்ட கணக்கில் ஒரு தெரிவாக நிச்சயம் இடம்பெறும். அந்தத் தவறு எங்கிருந்து பிறக்கிறது என்று ஒரு வரியில் விளக்கும் நூல், பத்து மடங்கு பெரிய நூலைவிட மேலானது.

இரண்டாவது தேர்வு ஒன்று இதனோடு சேரும்போது சிக்கல் கூடுகிறது. 1984 முதல் நடந்துவந்த மாநில நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், பத்தாண்டுக் காலம் தமிழ்நாட்டு மாணவர் மேல்நிலைத் தேர்வு ஒன்றையே நம்பிப் படித்தனர். 2017இல் நீட் தேர்வு மருத்துவச் சேர்க்கைக்குக் கட்டாயமான பின்னர், மார்ச் மாதத்தில் ஒரு தேர்வும் மே மாதத்தில் வேறொரு தேர்வும் என்றாயிற்று. அதில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிவு. ‘இரண்டுக்கும் ஒரே புத்தகம்’ என்னும் விளம்பரத்தோடு வரும் நூல்களை நம்புவதற்கு முன் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் ஆகிய அலகுகள் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டுக்கான நீட் பாடத்திட்டத்திலிருந்து அப்பகுதிகள் நீக்கப்பட்டன. மார்ச் மாதத்துக்காக முழுமையாகப் படிக்க வேண்டியதை மே மாதம் கேட்பதில்லை. இயற்பியலில் செய்முறைத் திறன் சார்ந்த பகுதி ஒன்று நீட் பாடத்திட்டத்தில் தனி அலகாகவே புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எந்த ஒரு நூலும் இரண்டையும் முழுமையாகத் தாங்க முடியாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் இரண்டு மடங்கு நூல்கள் வேண்டுமோ என்றால், வேண்டியதில்லை. 1961இல் நிறுவப்பட்ட என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூல்களைச் சார்ந்தே நீட் உயிரியல் வினாக்கள் பெரும்பாலும் அமைவதால், அத்தேர்வை எழுத விரும்புகிறவர் அந்நிறுவனத்தின் உயிரியல் நூலை மாநிலப் பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாத இடங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு படிப்பது போதுமானது. இயற்பியலில் நிலைமை வேறு. அங்கே கருத்துகள் இரண்டிடத்திலும் ஒன்றே. பழக வேண்டியது கணக்குகள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எச்.சி. வர்மாவின் இயற்பியல் நூல் 1992 முதல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்து இன்றும் வகுப்புகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம், கணக்குகளுக்கு முன்னால் கருத்தை அது பொறுமையாகச் சொல்லுவதே. ஆயினும் அதை மாநிலப் பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தாமே போட்டு முடித்தவரே கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தவர்கள் முதல் தொகுதியின் நடுவிலேயே சோர்ந்து நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இவற்றோடு மொழி சார்ந்த ஓர் இடர் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கைடை விரைவாகத் தமிழாக்கி அச்சிடும்போது, பாடநூலில் ஒரு கலைச்சொல்லும் கைடில் இன்னொரு கலைச்சொல்லும் வந்துவிடுகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதை அறியாத மாணவர் அவற்றை இரண்டு பொருளாகவே எண்ணிக் குழம்புகிறார். இணையத்தில் தமிழ்க் குறிப்புகளைத் தேடுகிறவருக்கு இது இன்னும் மிகுதி. தமிழ்நாட்டில் முடுக்கம் எனப்படுவது இலங்கைத் தமிழ் நூல்களில் ஆர்முடுகல். இங்கே மின்தேக்கி, அங்கே கொள்ளளவி. இங்கே வேதியியல், அங்கே இரசாயனவியல். இலங்கையின் உயர்தர மாணவருக்காக எழுதப்பட்ட அக்குறிப்புகள் பலவும் தரமானவை, பயன்கொள்ளத்தக்கவை. ஆனால் சொற்களை முதலில் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளாமல் அவற்றுள் நுழையக் கூடாது. மேல்நிலைப் பாடநூல்களின் இறுதியில் கலைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து பாராமலே ஆண்டை முடிக்கும் மாணவர் மிகப் பலர். தமிழ்வழித் துணைநூல் ஒன்றின் தரத்தை அறிய அப்பட்டியலைவிட எளிய உரைகல் கிடையாது. அதிலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, கைடில் அதே சொற்கள்தாம் ஆளப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

பழைய புத்தகங்களை வாங்கிப் படிப்பது வறுமையின் அடையாளமன்று. அது தமிழ்நாட்டுக் கல்வியின் ஒரு பழைய நல்வழக்கம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் எதிரே, திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தின் தூண்களுக்கிடையில் தையற்கடைகளோடு தோளுரசி நின்ற புத்தகக் கடைகள் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளைக் கரையேற்றின. அக்கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. பழைய நூல் வாங்கும்போது கவனிக்க வேண்டியது பதிப்பு ஆண்டு. மாநிலப் பாடத்துக்கு 2019க்கு முந்திய பன்னிரண்டாம் வகுப்புக் கைடு எதற்கும் உதவாது. பெருந்தொற்றுக் காலத்தில் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துக்காக அச்சிட்டவை அரைகுறையானவை. நீட் தேர்வுக்கு 2024க்கு முந்தியவற்றில் நீக்கப்பட்ட அலகுகள் நிறைந்திருக்கும். ஆனால் பழைய வினாத்தாள் தொகுப்புகளுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாத வினாவை அடித்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மீள்பார்வை, அதாவது ரிவிஷன், என்பதற்கென்றே விற்கப்படும் சுருக்கநூல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீண்டும் படிப்பதே மீள்பார்வை என்னும் எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என்று இரு சாராரை ஒப்பிட்டபோது, ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் திரும்பப் படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினர். சுருக்கநூலைப் புரட்டும் மாணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் தோன்றுவதும், தேர்வறையில் அது மறைந்துவிடுவதும் இதனால்தான். நன்னூல் இதை முன்பே வேறு சொற்களில் வகுத்திருக்கிறது: ஆசிரியர் சொன்னதை முழுக்கக் கவனித்தாலும் மாணவர் பெறுவது காற்பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு, எஞ்சிய இரண்டு பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். சுருக்கநூலின் அளவுகோலும் இதுவே. விடையை வினாவின் கீழேயே அச்சிட்ட நூல் எடுத்துரைக்கும் வாய்ப்பை மாணவரிடமிருந்து பறிக்கிறது. வினாக்களை ஓரிடத்திலும் விடைகளைப் பல பக்கங்கள் தள்ளி வேறோரிடத்திலும் வைத்த நூல் அவ்வாய்ப்பைக் கொடுக்கிறது. அதனினும் மேலானது மாணவரே தயாரிக்கும் சுருக்கம். ஓர் அலகுக்கு ஒரு தாள், அதுவும் பாடநூலை மூடிவைத்து எழுதியது. அதை எழுதியவர் கடையில் விற்கும் சுருக்கநூலைத் தேட மாட்டார்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் எண்ணியிருப்பதில் நான்கை எடுத்துக்கொண்டால் கடையில் நின்றவாறே ஒரு கைடைச் சோதித்துவிடலாம். குன்றக் கூறல் என்பது வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. கணக்கில் இரண்டு படிகளைத் தாண்டி விடைக்கு வந்துவிடும் நூல் அக்குற்றம் உடையது. மிகைபடக் கூறல் என்பது இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அரைப்பக்க விடை எழுதுவது. அதைப் படித்துப் பழகியவருக்கு மூன்று மணி நேரம் போதாமற்போகும். மாறுகொளக் கூறல் என்பது முன்னர்ச் சொன்னதற்கு முரணாகப் பின்னர்ச் சொல்வது; விளக்கப் பகுதியில் ஒரு மதிப்பும் ஒரு மதிப்பெண் வினாவில் வேறு மதிப்பும் தருவது. சென்று தேய்ந்து இறுதல் என்பது போகப்போகப் பொலிவு குன்றுவது. இதைக் கடைசி அலகுகளைத் திறந்து பார்த்தே கண்டுகொள்ளலாம். முதல் அலகை வண்ணப்படங்களோடு செம்மையாக அமைத்துவிட்டு, பத்தாவது அலகில் அச்சுப்பிழைகளோடு அவசரமாக முடித்துவிடும் நூல்கள் உண்டு. வாங்குகிறவர் முதல் அலகை மட்டுமே புரட்டிப் பார்ப்பார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னவை, பாடநூலைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் உள்ள மாணவரை மனத்தில் கொண்டவை. பதினோராம் வகுப்புக்கு வந்த பின்னரும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத மாணவரும் அதே வகுப்பறையில் இருக்கிறார். அவருக்கு 35 மதிப்பெண் பெற்றுத் தேறுவதே ஒரு பெரிய வாசல் திறப்பது போன்றது. மெல்லக் கற்போருக்கென்று பல மாவட்டங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே தொகுத்துத் தரும் மெல்லிய கையேடுகளைக் கற்றறிந்தோர் எளிதில் குறைத்துப் பேசுகிறார்கள். அது சரியன்று. தன் மாணவர் எந்த வரியில் தடுக்கி விழுவார் என்பதை அறிந்த ஓர் ஆசிரியர், அந்த வரியை உடைத்து எளிய சொல்லில் எழுதிக் கொடுப்பது காண்டிகையுரையின் உண்மையான தொழில்; ஆசிரியர் குழு என்னும் முகமற்ற பெயரில் வரும் தடித்த நூல்களைவிட அது மரபுக்கு நெருக்கமானது. வேண்டுவது, அக்கையேடு ‘இது மட்டும் போதும்’ என்று சொல்லி நிறுத்திவிடாமல், ஒவ்வொரு விடையின் அருகிலும் பாடநூலின் பக்க எண்ணைத் தருவது. அந்த எண் ஒரு சிறு செய்திதான். ஆனால் மூலத்துக்குத் திரும்பும் வழி அதில் திறந்திருக்கிறது.

துணைநூல் வாங்கும் காலத்தைப் பற்றியும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இன்ன கைடு வாங்குக என்று பட்டியல் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. ஒரு பக்கம்கூடப் படிக்காத பாடத்துக்கு எழுதிய உரை நல்லதா என்பதை மாணவரால் அப்போது சொல்ல முடியாது. ஆகவே விளம்பரமோ அட்டையோ அண்ணன் சொன்ன சொல்லோ அதை முடிவுசெய்கிறது. முதல் அலகை வகுப்பில் நடத்தி முடித்து, மாணவர் அதன் கணக்குகளைத் தாமே போட்டுப் பார்த்து, எங்கே விளங்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு, அந்த இடங்களைக் கடையிலுள்ள நூல்களில் திறந்து ஒப்பிடச் சொன்னால், பதினேழு வயதுப் பிள்ளைகள் நல்ல உரையைத் தாமே கண்டுகொள்வார்கள். பள்ளி நூலகம் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மூன்று துணைநூல்களை வாங்கி மேசைமீது வைத்துவிட்டால், வாங்க இயலாதவருக்கும் அந்த ஒப்பீடு கைகூடும். கல்விக்கென்று அறக்கட்டளை நிறுவுவோர் இதைத் தம் செலவினங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டு வரையில் கைடு இல்லாமல் இருப்பதால் எந்த மாணவருக்கும் நட்டமில்லை. பாடநூல் ஜூன் மாதத்திலேயே அவர் கைக்கு வந்துவிடுகிறது.